மார்க்கெட் போனா சாமி பாட்டாம்ல!

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ராண்டி டிராவிஸோட சாமி பாட்டை நேத்து ஷேர் பண்ணதுக்கு கீழ கமெண்ட்ல நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. "மார்க்கெட் போச்சுன்னா அடுத்து ஏசப்பாதான்"னு ஒருத்தர் எழுதிட்டுப் போறார். பதில் போட வேணாம்னுதான் இருந்தேன், முடியல.

மார்க்கெட் போகலைங்க. 80கள்ல கன்ட்ரி இசைக்குத் தலைநகரமான நாஷ்வில்லயே பழைய பாணி கன்ட்ரி பக்கம் திருப்பி விட்டவங்கள்ல அவர் முக்கியமான ஆளு. 1998ல வந்த ரெண்டு பாட்டு கூட, அமெரிக்காவுல எந்தப் பாட்டு ஹிட்டுன்னு வரிசை போடுற பில்போர்டு கன்ட்ரி லிஸ்ட்ல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் 2000ல வேர்ட் ரெக்கார்ட்ஸ்னு ஒரு கிறிஸ்தவ கம்பெனியில காஸ்பல், அதாவது கிறிஸ்தவ பக்திப் பாட்டு ஆல்பம் போடுறார். 1994க்கு அப்புறம் நம்பர் ஒன் வரலதான், சரி. ஆனா திரும்ப எப்ப வந்துச்சு? 2003ல, அதே கம்பெனி போட்ட 'த்ரீ வுடன் கிராசஸ்' பாட்டுக்கு. அந்த வருசம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் (சிஎம்ஏ) குடுத்த 'சிறந்த பாட்டு' விருதும் அந்தப் பாட்டுக்குத்தான். மார்க்கெட் போய் சாமிகிட்ட போனவருக்கு சாமியே மார்க்கெட் புடிச்சுக் குடுத்துட்டாராக்கும்! அந்தப் பாட்டுல பிழைச்சு வர்றது ஒரு பாலியல் தொழிலாளி, பாதிரியார் இல்ல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பெரிய கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியில இருந்தப்பவே காஸ்பல் பாடணும்னு கேட்டார், அதோட முதலாளி சாம் பிலிப்ஸ் அது விக்காதுன்னு விடல, 1958ல கொலம்பியா கம்பெனிக்கு மாறி அடுத்த வருசமே முழுக்க ஞானப்பாட்டா ஒரு ஆல்பம் போட்டார். அப்ப அவருக்கு எந்த மார்க்கெட் போயிருந்துச்சு? ராக் அண்ட் ரோல் ராஜா எல்விஸ் பிரெஸ்லி, மத்தவங்களோட போட்டி போட்டு ஜெயிச்ச மூணு கிராமி விருதும் காஸ்பலுக்குத்தான். அவருக்கும் மார்க்கெட் இல்லையோ?

"ராண்டி 2012ல குடிச்சிட்டு கார் ஓட்டி மாட்டினாரே, அப்ப பக்தி எங்க போச்சு"ன்னு அடுத்து வருவீங்க. மாட்டினார், கோர்ட்ல ஒத்துக்கவும் செஞ்சார். தப்பே பண்ணாதவன்தான் சாமி பாட்டு பாடணும்னா ஒரு பாட்டும் மிஞ்சாது, விடுங்க. 2013ல ஸ்ட்ரோக் வந்து பேச்சே போச்சு. 2016ல கன்ட்ரி ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தப்ப பேச வராத அந்த வாயால பாடினது 'அமேசிங் கிரேஸ்'. அதுவும் மார்க்கெட்டுக்குத்தானா?

காசுக்காகப் போறவங்களும் இருக்காங்களேன்னா, இருக்காங்க. எங்கதான் இல்ல.

எனக்கு ஏன் இவ்ளோ எரியுதுன்னா, எங்க சித்தப்பா ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்சவர். கல்யாண சீசன், கொடை சீசன்லாம் வந்தா ஆளை வீட்லயே பாக்க முடியாது. அப்படி இருந்தவர் திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மட்டும் வாசிக்க ஆரம்பிச்சார். கைநிறைய புக்கிங் இருக்கும்போதே! வாங்கின அட்வான்ஸை வீடு வீடாப் போய் திருப்பிக் குடுத்தப்ப நானும் பைக் பின்னாடி உக்காந்து போயிருக்கேன். அவருக்கும் இதே பேச்சுதான், "சான்ஸ் இல்ல, அதான் ஆண்டவர் கூப்புட்டார்." சித்தி எத்தனை விசேஷத்துக்குப் போகாமலே இருந்துட்டாங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தன் மனசுல என்ன நடந்துச்சுன்னு ஒண்ணும் தெரியாம ஒத்த வரியில தீர்ப்பு எழுத உங்களுக்கு எப்படித்தான் வருது?

இதுல அந்த கமெண்டுக்கு சிரிச்சவங்கள்ல எங்க சொந்தக்கார அண்ணன் ஒருத்தரும் இருக்கார். அவர் கல்யாணத்துல ஒத்தப் பைசா வாங்காம விடிய விடிய வாசிச்சது யாருன்னு அவரே சொல்லட்டும்.