மலையில் இல்லாத தண்ணீரும் வைரஸின் எண்ணெய்ச் சட்டையும்

2020 மார்ச்சில் இலங்கையே ஊரடங்கில் கிடந்தபோதும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு நடந்தது, கொழுந்து எடுத்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு செனிடைசர் போத்தல் வைத்திருந்தார்கள். காலையில் ஆளுக்கு இரண்டு சொட்டு. பகலில் மலையிலேயே குந்தி ரொட்டி சாப்பிடுகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. அந்த நாட்களில் அம்மா கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது: "ஏன் புள்ள, சவுக்காரம் போட்டா செத்துப்போற கிருமிக்கா ஊரே பயப்படுது?"

நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பதில் நான் வருடாவருடம் நடத்துகிற மென்சவ்வுப் பாடத்திலேயே இருந்தது. சவர்க்காரத்தோடு சேர்த்து ஒரு நாளும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நம் ஒவ்வொரு கலத்தையும் மூடியிருப்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். கலங்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு இடத்தை அது பிடித்தது. அப்படியானால் கலத்தைச் சுற்றிக் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. தண்ணீரை விரும்பும் தலைகள் வெளிப்பக்கம், எண்ணெய் வால்கள் உள்ளே.

கொரோனா, இன்புளுவென்சா, டெங்கு வைரஸ்கள் உடுத்தியிருப்பதும் இதே சவ்வைத்தான். அவற்றுக்குச் சொந்தமாகக் கொழுப்புச் செய்யத் தெரியாது. இன்புளுவென்சா நம் கலத்தின் வெளிச்சவ்விலிருந்து அரும்புபோலப் பிதுங்கி, அதில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது. கொரோனாவும் டெங்குவும் கலத்துக்குள்ளே இருக்கும் சவ்வுகளில் எடுத்துக்கொள்கின்றன. இன்புளுவென்சாவும் கொரோனாவும் நம்மிடம் எடுத்த சட்டையோடுதான் அடுத்தவர் கலத்துக்குப் போகின்றன.

உள்ளே போகிற விதம் இன்னும் ஆச்சரியம். குழம்பில் மிதக்கும் இரண்டு எண்ணெய்ச் சொட்டுகள் தொட்டதும் ஒன்றாகிவிடும். சவ்வுகள் அப்படிச் சுலபமாக ஒட்டாது, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் தடுத்து நிற்கும். இன்புளுவென்சாவைக் கலம் ஒரு பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலம் ஏற ஏற, வைரஸின் மேலிருக்கும் புரதம் மடக்கிய கத்திபோல விரிந்து தன் நுனியைக் கலத்தின் சவ்வில் குத்துகிறது. பிறகு மறுபடி மடங்கி இரண்டு சவ்வையும் இழுத்து நெருக்குகிறது. முதலில் வெளியடுக்குகள் கலக்கும், அடுத்து உள்ளடுக்குகள். ஒரு துளை திறக்கும். வைரஸின் மரபுப்பொருள் அந்த வழியாக இறங்கிவிடும். சட்டை இல்லாமல் இந்த வைரஸுக்குக் கதவே இல்லை.

சவர்க்கார மூலக்கூறுக்கும் தண்ணீர்த் தலை, எண்ணெய் வால் இரண்டும் உண்டு. சவ்வின் கொழுப்புக்கு இரண்டு வால் என்றால் இதற்கு ஒன்று. ஒரே சாதி என்பதால் சவ்வுக்குள் நுழைகிறது, உருவம் பொருந்தாததால் அதைக் கிழிக்கிறது. நம் கைத்தோலின் மேற்படை இறந்த கலங்கள், அதனால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னதும், கொழுந்துக் கறை போகத் தேய்க்கிற மாதிரி விரல் இடுக்கெல்லாம் தேய்க்க ஆரம்பித்தார். "20 செக்கன் கழுவுங்கள்" என்ற நோட்டீஸ் மாதக்கணக்கில் செய்யாததை ஒரு காரணம் செய்தது.

ஆனால் நம் கையில் ஒட்டும்போது சட்டையே போடாத வைரஸ்களும் உண்டு. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தரும் ரோட்டா, செங்கமாரி தரும் ஹெப்படைட்டிஸ் ஏ. இரண்டாவது இரத்தத்தில் ஓடும்போது நம் சவ்வையே போர்த்தியிருக்கிறது என்று 2013இல்தான் தெரியவந்தது. பித்தநீர் வழியே குடலுக்கு வரும்போது அதைக் களைந்துவிட்டு, மலத்தில் வெறும் புரத ஓட்டோடு வெளியே வருகிறது. கரைக்க அங்கே கொழுப்பு இல்லை, செனிடைசரை மட்டும் நம்பியிருக்க முடியாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசி இறக்கிவிட வேண்டும். மலசலகூடக் குழி, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு மேலே இருந்தால் அதுவும் வீண்.

போத்தல் வைத்ததோடு கடமை முடிந்தது என்று யாரும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கோபம் வருவது இதனால்தான். வேலை நடக்கும் ஒவ்வொரு மலையிலும் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு குழாய், ஒரு சவர்க்காரக் கட்டி வேண்டும். கொழுந்து ஏற்ற லொறி போகிற பாதையில் தண்ணீர் ஏற்றவும் முடியும். இந்த வருடம் சம்பளப் பேச்சுக்கு உட்காருகிறவர்கள் இதையும் மேசையில் வையுங்கள்.