மாடு போனால் படை போச்சு: கேலிக் பிரபுவின் போர்க்காலம்

இடைக்கால கேலிக் பிரபு, அதாவது கேலிக் மொழி பேசிய குலத்தலைவன், என்றாலே பலருக்கும் முகத்தில் நீலச்சாயமும் கையில் நீள வாளுமாகத் திறந்தவெளியில் கத்திக்கொண்டு ஓடிவரும் ஆள்தான் நினைவுக்கு வருகிறான். சினிமா செய்த வேலை. அயர்லாந்து பிரபு முடிந்தவரை தவிர்த்ததே அந்தத் திறந்தவெளி மோதலைத்தான். 1260-ல் அயர்லாந்தின் டவுன் என்ற இடத்தில் பிரையன் ஓ'நீல் என்ற பிரபு ஆங்கிலேயரோடு அப்படி மோதி மாண்டான். நம்மவர் மேலே லினன் சட்டை, எதிரி முழுக்க இரும்பு என்று புலம்புகிறது அவனுக்காகப் பாடிய இரங்கற்பா. 1316-ல் அதன்ரையில் ஃபெலிம் ஓ'கானருக்கும் அதே முடிவு.

கேலிக் பிரபுவின் செல்வம் நிலத்தில் இல்லை, மாட்டில் இருந்தது. வரி, அபராதம், சீதனம் எல்லாமே மாட்டுக் கணக்கு. ஆகவே போர் என்றால் முதலில் ஆநிரை கவர்வது. அதற்கு ‘க்ரெஹ்’ என்று பெயர். விடியுமுன் போய் ஓட்டிக்கொண்டு கிளம்புவது எளிது, திரும்பி வருவதுதான் கஷ்டம். மாடு தன் நடையில்தான் நடக்கும், துரத்துகிறவன் குதிரையில் வருவான். அதனால் ‘கெர்ன்’ எனப்படும் இலகு காலாட்கள் மந்தையை முன்னே ஓட்ட, பிரபுவும் அவன் உறவுக்காரக் குதிரைவீரர்களும் பின்னால் காவல் வருவார்கள். பெரும்பாலான சாவு இந்தத் திரும்பும் வழியில், ஆற்றுத் துறையிலும் காட்டு வாயிலிலும்தான்.

அந்தக் குதிரைவீரனுக்கு அங்கவடி கிடையாது. பஞ்சணை மாதிரி ஒரு சேணம். ஓடுகிற குதிரையில் தாவி ஏறலாம், சதுப்பில் சட்டென்று திரும்பலாம். ஆனால் காலை ஊன்ற எதுவும் இல்லாததால், ஈட்டியை அக்குளில் இடுக்கி முழு வேகத்தில் மோத முடியாது. தலைக்கு மேல் பிடித்துக் குத்தலாம் அல்லது எறியலாம். இங்கிலாந்து வீரனை நேருக்கு நேர் சந்தித்தால் கீழே விழுவது இவன்தான். இதைக் கோழைத்தனம் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை அங்கவடி இல்லாமல் குதிரையேறிப் பார்க்கட்டும்.

நின்று தாங்குவதற்கு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து வந்த கூலிப்படை, காலோகிளாஸ். சங்கிலிக் கவசம், நீண்ட பிடியுள்ள கோடரி, ஆளுக்கு ஓரிரு ஏவலாள். 1259-ல் ஓ'கானர் இளவரசன் ஒருவனுக்கு மணமகளோடு சீதனமாக வந்தவர்களே 160 பேர். அவர்களுக்குச் சோறும் கூலியும் குடியானவன் வீட்டில். அளவு மீறினால் குடியானவன் மாட்டை ஓட்டிக்கொண்டு பக்கத்துப் பிரபுவிடம் போய்விடுவான். என் கணிப்பில் பல பிரபுக்களை எதிரியின் வில்லைவிட இந்தச் சோற்றுச் செலவுதான் அதிகம் அரித்தது.

இதற்கெல்லாம் நல்ல சாட்சி, அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லெய்ன்ஸ்டரின் அரசன் ஆர்ட் மக்மரோ. இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்ட் அவன்மேல் இரண்டு முறை படையெடுத்தான். 1394 அக்டோபர் 2 அன்று வாட்டர்ஃபோர்ட் துறைமுகத்தில் இறங்கியபோது செய்தது சரியான வேலை. இலை உதிரும் காலம், மந்தைகள் கோடை மேய்ச்சலிலிருந்து இறங்கிவிட்ட நேரம். காட்டைச் சுற்றிக் காவல்படைகளை நிறுத்தி, மாடுகளை வாரி, ஊர்களை எரித்தான். ஓர் இரவு ஆர்ட் படுக்கையிலேயே பிடிபடப் பார்த்தான். ஆள் தப்பினான், மனைவியின் பெட்டியும் அதிலிருந்த அரச முத்திரையும் சிக்கின. 1395 ஜனவரியில் பணிந்தான்.

1399-ல் ரிச்சர்ட் ஜூன் மாதம் வந்தான். காடு இலை மூடி நின்றது, வயலில் கதிர் முற்றவில்லை. இம்முறை சுற்றி வளைக்காமல் காட்டுக்குள்ளேயே வழி வெட்டிக்கொண்டு நுழைந்தான். ஆர்ட் மாடுகளோடு விலகிக்கொண்டே போனான், பின்தங்கிய சிப்பாய்களை ஈட்டி தேடி வந்தது. குதிரைகளுக்குத் தீனி இல்லை, ஒரு ரொட்டியைப் பலர் பங்கிட்டார்கள். டப்ளினிலிருந்து உணவுக் கப்பல்கள் வந்தபோது சிப்பாய்கள் கடலுக்குள்ளேயே இறங்கி ஓடினார்கள் என்று உடன்சென்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

பேச்சுவார்த்தைக்கு ஆர்ட் மலைச்சரிவில் பாய்ந்து வந்த குதிரையின் விலை 400 பசு என்றும் அந்தப் பிரெஞ்சுக்காரரே சொல்கிறார். தொகையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் விலையை அவரிடம் சொன்னவர்கள் அதைக் காசில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நிபந்தனையில்லாத மன்னிப்பைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்று ஆர்ட் திரும்பிப் போனான். ரிச்சர்ட் அவன் தலைக்குப் பரிசு அறிவித்தான். முடிக்குப் போட்டியான பாலிங்புரோக் இங்கிலாந்தில் இறங்கிய செய்தி வந்ததும் ஊர் திரும்பி, அந்த ஆண்டு முடிவதற்குள் முடியையே இழந்தான். ஆர்ட் அதன்பிறகும் பதினேழு ஆண்டுகள் லெய்ன்ஸ்டரில்தான் இருந்தான்.