அமபியே காப்பிதான், அதற்கென்ன?

சனிக்கிழமை குழந்தைகள் ஓவியக் கண்காட்சியில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். "எல்லாம் ஒரே படம், நெட்டைப் பார்த்து அடித்த காப்பி" என்று சொல்லி, என் மாணவர்கள் வரைந்த அமபியே என்ற ஜப்பானியக் கடல் பூதத்தின் படங்களை அமைப்பாளர்கள் சுவரிலிருந்து கழற்றினார்களே, அதைப் பற்றித்தான்.

காப்பிதான் ஐயா. அமபியே நமக்குக் கிடைத்ததே காப்பியாகத்தான்.

1846-ல் ஜப்பானின் ஹிகோ பகுதியில், இன்றைய குமாமோட்டோவில், இரவானால் கடலில் ஏதோ ஒளிர்கிறது என்று ஓர் அதிகாரி பார்க்கப் போகிறார். நீண்ட கூந்தல், பறவை அலகு, உடம்பெல்லாம் செதில், கீழே மூன்று கால். ஆறு வருஷம் நல்ல விளைச்சல், கூடவே நோயும் பரவும், என்னை வரைந்து ஜனங்களுக்குக் காட்டு என்று சொல்லிவிட்டு அது கடலுக்குள் போய்விடுகிறது. இந்தக் கதையைச் சொல்லும் ஒற்றைத் தாள் மரக்கட்டை அச்சு கியோட்டோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதிகாரி எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, அனுப்பியதன் நகல் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது! மூன்று கால் குரங்கு மாதிரியான அமபிகோ என்ற பெயரை யாரோ தப்பாகப் படியெடுத்ததில்தான் அமபியே வந்தது என்று கருதும் ஆய்வாளரும் உண்டு.

2020-ல் கொரோனா பரவியபோது ஜப்பானே உட்கார்ந்து இதை வரைந்தது. சுகாதார அமைச்சகம் தன் விழிப்புணர்வுப் படத்தில் போட்டது. மிட்டாய்க் கடைக்காரர்கள் இனிப்பில் பிடித்தார்கள். டென்ட்சு விளம்பர நிறுவனம் அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. எல்லாரும் வரையத்தான் அது.

"அப்போ அடுத்தவன் படத்தைத் திருடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. ஜப்பானியக் காமிக்ஸ் ஓவியர் மிசுகி ஷிகெரு வரைந்த அமபியே அவருடையது. அதைக் கோடு மாறாமல் எடுத்துத் தன் பெயர் போட்டால் நானே கழற்றுவேன். என் பிள்ளைகள் பார்த்து வரைந்தது அந்த 1846 தாளை.

"மூடநம்பிக்கையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

ஒரே படமாம். கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? ஒரு பெண், செதிலை ஒவ்வொன்றாக ஸ்கெட்ச் பேனாவில் போட்டு, மை தீர்ந்த இடத்திலிருந்து பச்சைக்கு மாறியிருந்தாள். ஒரு பையன் மூன்றாவது காலை அலைக்குள் மறைத்திருந்தான். கேட்டதற்கு, "அது இன்னும் கரைக்கு வரல சார்" என்றான்.

இரண்டாம் அலையில் அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் ஒன்று வரைந்து வாட்ஸப்பில் அனுப்பினேன். ஆக்சிஜன் மாஸ்க்கோடு, "கிளியாடா, மீனாடா?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாள். அத்தை வீடு திரும்பவில்லை. படம் காப்பாற்றும் என்று நான் நம்பவும் இல்லை. உள்ளே யாரையும் விடாத நேரத்தில் அவளிடம் போய்ச் சேர என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். கையால் வரைந்து ஒருத்தருக்குக் காட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பிள்ளைகளிடம், "வீட்டில் யாருக்குக் காட்டணுமோ அவங்களை நினைச்சு வரைங்க" என்றேன்.

அந்தப் படங்களைத்தான் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பிள்ளைகள் கண் முன்னாலேயே என் கையில் கொடுத்தீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். கண்காட்சி ஞாயிறு வரை இருக்கிறது, சுவரில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. படங்களை நானே கொண்டு வருகிறேன். திரும்ப மாட்டுங்கள்.