2 கேபி ராமிலும் ஓஎஸ் ஓடும்

"ஆர்டுயினோ ஊனோ மாதிரி சிறிய மின்னணுப் போர்டுகளில் எந்த ஓஎஸ்ஸும் ஓடாது, குறைந்தது 64 எம்பி ராம் வேண்டும்" என்று ஒரு தகவல் கொழும்பு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இதை நம்பி, புறக்கோட்டையில் விலை கூடிய போர்டு தேடி அலையும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

தகவல் தவறு. லினக்ஸுக்கு மெகாபைட் கணக்கில் நினைவகம் வேண்டும், சரி. ஆனால் லினக்ஸ் மட்டும்தான் ஓஎஸ்ஸா, அதாவது பணிசெயல் முறைமையா? ஊனோ ஆர்3 போர்டின் சிப்பில் இருப்பது 2 கேபி ராம், நிரலைச் சேமிக்க 32 கேபி ஃபிளாஷ். அதிலேயே சிறு சிப்களுக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஓஎஸ் ஓடும். திரை, கோப்புறை எதுவும் அதற்குத் தேவையில்லை. எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முறைப்படுத்துவதே அதன் முதற்கடமை.

1969இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் கணினியையே பாருங்கள். மாற்றி எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள், ஏறக்குறைய 4 கேபி. இறங்கும்போது வேலை மிஞ்சி 1202 எச்சரிக்கை வந்தது. முன்னுரிமை குறைந்த வேலைகளைக் கைவிட்டு, முக்கியமானவற்றை அந்தக் கணினி தொடர்ந்து ஓட்டியது.

உண்மையான சிக்கல் வேறு. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஒவ்வொரு பணிக்கும் தனி ஸ்டாக், அதாவது தற்காலிகத் தரவை வைக்கும் ராம் பகுதி, ஒதுக்க வேண்டும். ஒன்றுக்கு 200 பைட் என்றாலும் ஐந்து பணிகளுக்கே 1,000 பைட் போய்விடும். ஸ்டாக் நிரம்பி வழிந்தால் பக்கத்து நினைவகத்தில் இருக்கும் தரவு அழியும். ஊனோ ஆர்3இன் சிப்பில் அதைத் தடுக்கும் வன்பொருள் கிடையாது. ஆகவே பணிகளைக் குறையுங்கள், ஸ்டாக்கை அளந்து வையுங்கள்.