விடை பூஜ்ஜியம் என்று தெரிந்தாலும் அளந்து பார்க்கணும்

பாளையங்கோட்டைப் பக்கம் பிஎஸ்சி இயற்பியல் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ராமீட்டரில் சோடியம் விளக்கு வைத்து அலைநீளம் எடுத்தால் மொத்த வகுப்புக்கும் 5893 ஆங்ஸ்ட்ராம் பிசகாமல் வந்துவிடும். விடையை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னாலேயே கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்பினால் வராமல் என்ன செய்யும்? பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. எண் சரியாக இருந்தால்தான் மார்க் என்று நம் செய்முறைத் தேர்வு ஆக்கி வைத்திருக்கிறது.

ஒளியை இரண்டு மெல்லிய பிளவு வழியாக விட்டு அலைகள் கலப்பதைப் பார்க்கிற இரட்டைப் பிளவுச் சோதனையோடு நிறுத்தாமல் மூன்று பிளவுச் சோதனையையும் பாடத்தில் சேருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

துகள் ஓரிடத்தில் அகப்படும் நிகழ்தகவு அலைவீச்சின் (அலையின் உயரம் என்று வையுங்கள்) வர்க்கம் என்று 1926ல் இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் சொன்னார்; இதுதான் பார்ன் விதி. பாதை பல இருந்தால் அலைவீச்சுகளைக் கூட்டிவிட்டுத்தான் வர்க்கம் எடுக்கணும். சரி, பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராவை எடுங்கள். (அ+ஆ+இ)² விரித்தால் அ², ஆ², இ², அப்புறம் 2அஆ, 2ஆஇ, 2இஅ. மூன்றும் சேர்ந்த உறுப்பே கிடையாது. கனம் எடுத்தால்தான் 6அஆஇ என்று ஒன்று வந்து உட்காரும். அதாவது எத்தனை பாதை திறந்தாலும் குறுக்கீடு (அலைகள் கலந்து கூடுவதும் குறைவதும்) இரண்டிரண்டு பாதைகளுக்குள்தான். 1994ல் இயற்பியலாளர் ரஃபேல் சோர்கின் இதைச் சோதித்துப் பார்க்கிற கணக்காக்கினார்: மூன்று பிளவும் திறந்து அளந்ததிலிருந்து ஜோடி ஜோடியாகத் திறந்து அளந்த மூன்றையும் கழி, தனித்தனியாகத் திறந்த மூன்றையும் கூட்டு, எல்லாவற்றையும் மூடியபோது வந்த பின்னணியைக் கழி, மிச்சம் பூஜ்ஜியம். உண்மையாகவே மிச்சம் விழுந்தால் பார்ன் விதியில் ஓட்டை.

2010ல் இயற்பியலாளர் உர்பசி சின்ஹா குழு லேசரில் தொடங்கி ஒற்றை ஃபோட்டான் (ஒரே ஒரு ஒளித்துகள்) வரைக்கும் போய் அளந்தது. மூன்று பாதைக் குறுக்கீடு என்று ஏதாவது இருந்தாலும் இரு பாதைக் குறுக்கீட்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். அந்தப் பூஜ்ஜியம் சும்மா வருவதில்லை. ஒளி இரண்டு மடங்கானால் டிடெக்டர் காட்டுவதும் சரியாக இரண்டு மடங்காகணும், கொஞ்சம் பிசகினாலும் பொய்யான மிச்சம் விழும். அளக்கிற நேரத்துக்குள் லேசர் மங்கினாலும் அதே கதை.

"ஆன்சர் சைபர்னு தெரியும்லா சார், பெறவு எதுக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்கு கர்நாடகத்து கௌரிபிதனூரில் நடந்ததைத்தான் சொன்னேன். அப்போது பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த அதே சின்ஹாவின் குழு, சுவரில் பட்டுத் திரும்பும் அலை தொந்தரவு செய்யக் கூடாதென்று அங்கே வெட்டவெளியில் ஆன்டெனாக்களை நிறுத்தி மைக்ரோவேவில் அளந்து, 2018ல் வெளியிட்டார்கள். 6 சதவீதம் வரை மிச்சம்! பார்ன் விதி உடையவில்லை. ஒரு பிளவில் நுழைந்த அலை வளைந்து பக்கத்துப் பிளவுக்குள்ளும் புகுந்து வருகிறது; ஒவ்வொரு பிளவையும் தனியாகத் திறந்தால் வருகிற அலைகளைக் கூட்டினால் போதும் என்று பாடப்புத்தகம் போடுகிற கணக்குதான் தோராயம். அளக்காமல் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

கல்லூரியில் ஒற்றை ஃபோட்டானெல்லாம் முடியாது, வேண்டியதுமில்லை. சாதா லேசர் ஒளியின் செறிவும் (பிரகாசமும்) அலைவீச்சின் வர்க்கம்தான், ஆகவே இதே எட்டு அளவுகளை இருட்டறையில் ஒளியை மின்னோட்டமாக்கிக் காட்டும் ஒரு ஃபோட்டோடயோடு வைத்து எடுத்துவிடலாம். மிச்சம் எவ்வளவு, அதில் எவ்வளவு கருவியின் குற்றம் என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மார்க் போடுங்கள், எந்த எண் வந்தாலும்.

கொக்கிரகுளம் அறிவியல் மையத்திலும் இப்படியொரு மேஜை போடலாம். நெல்லை, தென்காசிப் பக்கம் எந்தக் கல்லூரியாவது செய்கிறதென்றால் கமெண்டில் சொல்லுங்கள், பிளவுத் தகடும் மூடுகிற மறைப்பும் செய்து கொண்டுவருகிறேன்.