மேய்ச்சல்காரர்களின் நினைவிலிருக்கும் பாறுகள்

பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்துக் காட்டோர ஊர்களில் மாட்டுப்பட்டி வைத்து மேய்த்த முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், யானையும் காட்டுப்பன்றியும் பயிருக்குள் இறங்குவதைச் சொல்லி முடித்ததும், அவர்களாகவே பிணந்தின்னிக் கழுகுகளுக்கு, அதாவது பாறுகளுக்கு, வந்துவிடுகிறார்கள். அந்த நினைவுகளை வெறும் பழங்கதை என்று ஒதுக்காமல், சான்றாக மதித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அவர்கள் சொல்வதில் அத்தனை நுணுக்கம் இருக்கிறது. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுத் தோலை உரித்ததும் முதலில் காகங்கள் வரும். வானத்தில் புள்ளியாகச் சுற்றும் பாறு ஒன்று இறங்க, அதைப் பார்த்து அடுத்தடுத்து மற்றவை இறங்கும். பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிஞ்சும். வயிறு முட்டத் தின்ற பறவை உடனே எழும்ப முடியாமல் இறக்கையை விரித்தபடி மேட்டை நோக்கித் தத்தித் தத்தி ஓடியதையும், சிறுவர்கள் அதைத் துரத்தியதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் பெரிய பறவை என்று மயிலைக் காட்டுகிறார்கள். மயில் பெருகியதையே காடு செழித்ததற்கு அடையாளமாகக் கொள்வோரும் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாறுகள் மறைந்ததற்குச் செல்போன் கோபுரத்தைக் காரணமாகச் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். உண்மைக் காரணம் மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி என்பது 2004-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. அந்த ஊசி போட்டு ஓரிரு நாளில் இறந்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரே பிணத்தில் பல பறவைகள் கூடி உண்பதாலும், ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் இனம் என்பதாலும், இழப்பை அவற்றால் ஈடுகட்ட முடியவில்லை. கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006-இல் தடை வந்தும், மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015-இல் ஊசிக்குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். பாறுகளுக்கு நஞ்சாகும் மற்ற வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்குக் கால்நடைத் தடை வர 2023 ஆயிற்று. இவ்வளவு தாமதத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

இதற்காக மேய்ச்சல்காரர்களைக் குற்றவாளியாக்குவதும் தவறு. உழவு மாடு நொண்டினால் பிழைப்பே நின்றுவிடும் நிலையில், கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கிப் போட்டார்கள், அவ்வளவுதான். மேலும், இரைக்காக நெடுந்தொலைவு பறக்கும் பறவை எந்த ஊரில் நஞ்சை உண்டது என்று யாரால் சொல்ல முடியும்?

தமிழ்நாட்டில் பாறுகள் இன்று பெரும்பாலும் நீலகிரி மலையடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் சீகூர்ப் பகுதியிலுமே எஞ்சியிருக்கின்றன. நம் பக்கத்தில் காவிரி வடக்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் ராமநகரத்தில் பாறுகளுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. ஆற்றோரத்து எந்த நீர்மத்தி மரத்தில் கூடு இருந்தது, எந்தப் பாறை முகட்டில் எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது என்பதை இடம் காட்டிச் சொல்லக்கூடியவர்கள் இப்பகுதி நாட்டினமான ஆலம்பாடி மாடு மேய்த்த அந்தத் தலைமுறையினர்தான். வனத்துறை அவர்களை உடன் அழைத்துச் சென்று அந்த இடங்களை வரைபடத்தில் குறிக்கட்டும். கால்நடை மருந்து விற்கும் கடைகளில் பாறுகளுக்குத் தீங்கு செய்யாத வலி மருந்தான மெலாக்சிகாம் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறதா என்பதைக் கால்நடைத் துறை தொடர்ந்து பார்க்கட்டும்.