பாசிட்ரானும் ஐந்தொகையும்

காரைக்குடிக்காரர்களுக்கு மின்வேதியியல் அயலான சொல் அல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இங்கேதான் இயங்குகிறது. ஆகவே, பாசிட்ரான் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்களாலான திரளைக் கொண்டு, கடும் வெப்பமின்றியே அணுக்கருக்களை ஒன்றிணைக்கும் குளிர் இணைவைச் சாதித்துவிடலாம் என்ற பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

1989 மார்ச் 23 அன்று பிளீஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் குளிர் இணைவு என்று அறிவித்தது மின்பகுப்புக் கலம் ஒன்றைப் பற்றித்தான்: கனநீரில் (ஹைட்ரஜனின் கனமான வகையான ட்யூட்டீரியம் கொண்ட நீரில்) பல்லேடியம் மின்வாயை இறக்கி மின்சாரம் செலுத்தினால், கொடுத்ததைவிட மிகுந்த வெப்பம் வருகிறது என்றார்கள். அதே ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. ஐயங்காரின் குழுவும் இணைவின் அடையாளங்களான நியூட்ரானையும், ஹைட்ரஜனின் இன்னொரு கனமான வகையான டிரிட்டியத்தையும் கண்டதாகத் தெரிவித்தது. ஆனால், மற்றவர்கள் செய்தபோது அது நம்பத்தக்க வகையில் திரும்ப நிகழவில்லை. கூகுள் நிதியில் நடந்து 2019இல் வெளியான ஆய்விலும் சான்று கிடைக்கவில்லை.

இதில் பாசிட்ரான் என்ன செய்யும்? இணைய வேண்டிய இரண்டு ட்யூட்டீரியக் கருக்களும் நேர்மின் ஏற்றம் கொண்டவை, பாசிட்ரானும் அப்படியே. விலக்கிக்கொள்ளும் இருவருக்கு நடுவே, இருவரும் விலக்கும் ஒருவர் தூது போக முடியாது. அந்த வேலையை மியூவான் என்னும் துகள் செய்யும். எதிர்மின் ஏற்றமும் எலக்ட்ரானைப் போல் 207 மடங்கு நிறையும் கொண்ட அது, கருக்களை நெருக்கமாக இழுத்து வைப்பதை 1956இல் அல்வாரெஸ் குழுவினர் கண்டார்கள். அதன் ஆயுளோ 2.2 மைக்ரோ செகண்டுதான். அதற்குள் நூறு இணைவுகளை நடத்தினாலும், அதை உண்டாக்கிய செலவு திரும்புவதில்லை.

எங்கள் ஐயாவின் பர்மாக் கடைப் பேரேடு ஒன்று, ஓரம் செல்லரித்து, இன்னும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. வரவையும் செலவையும் சரிபார்க்கும் ஐந்தொகையில் ஓர் அணா உதைத்தாலும் விடியும்வரை விளக்கு எரியும் என்று ஆயா சொல்வார்கள். அதே கண்ணோடு இதையும் பார்க்கிறேன். பத்துக் கோடி பாசிட்ரான்களைக் காந்தப் பொறியில் சேர்த்து வைப்பதே பெரிய சாதனை. அவை அத்தனையும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அழிந்தாலும் கிடைப்பது சுமார் 16 மைக்ரோ ஜூல்; ஓர் அரிசியை அரைச் சாண் உயரம் தூக்கவும் அது போதாது. அவற்றை உண்டாக்கவும் பிடிக்கவும் ஆகும் செலவோ பல மடங்கு.

அதற்காகப் பாசிட்ரானை ஒதுக்க நான் சொல்லவில்லை. அதற்குரிய வேலை வேறு. சோடியம்-22 பாசிட்ரானை உமிழும்போது, கூடவே ஒரு காமாக் கதிரும் கிளம்புகிறது. அதுதான் கடிகாரத்தின் தொடக்கம். உலோகத்துக்குள் சென்ற பாசிட்ரான், அணு இல்லாத காலி இடம் கிடைத்தால் அதில் சிக்கிச் சற்றே கூடுதலாக வாழ்ந்து, பிறகு 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர்களாக மறைகிறது. பைக்கோ செகண்டுகளில் அளக்கும் அந்த இடைவெளியே உள்ளிருக்கும் குறைகளைச் சொல்லிவிடும். பல்லேடியம் தன் கன அளவைப் போல் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சக்கூடியது. அப்போது அதன் உள்ளமைப்பு என்ன ஆகிறது என்பதைக் காண இதைவிட நுண்ணிய கண் அரிது.

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் பாசிட்ரானால் உலோகங்களை ஆராய்கிறார்கள். காரைக்குடியில் மின்வாய் தயாரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவே ஓர் இரவுப் பயணம்தான். இங்கே கனநீரில் ட்யூட்டீரியம் ஏற்றும் ஒரு பல்லேடியத் தகட்டை, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அங்கே அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டால், வெப்பம் வந்ததா இல்லையா என்ற சண்டைக்கு முன்பாக அந்தத் தகடு என்ன ஆனது என்பதாவது நமக்குத் தெரியும்.